படம் போனில் இருக்கு, ஆனா ஓடல: டவுன்லோட் லைசென்ஸ் கோளாறுகளை அறிகுறி பார்த்துச் சரிசெய்வது

டவுன்லோட் செய்த படம் ஓடவில்லை என்றதும் எல்லோரும் ஃபைலைத்தான் சந்தேகிக்கிறார்கள். அழித்துவிட்டு மறுபடி இறக்குகிறார்கள். அன்றைய டேட்டா தீர்ந்ததுதான் மிச்சம். தண்டையார்பேட்டையில் எங்கள் சர்வீஸ் கடைக்கு இந்தப் புகாரோடு வரும் போன்களில், ஃபைல் கெட்டுப்போயிருப்பது அபூர்வம். ஃபைல் முழுசாக இருக்கும். காலாவதியானதோ காணாமல் போனதோ அதன் லைசென்ஸ்தான்.

இரண்டும் தனித்தனி. ஓடிடி ஆப்பில் டவுன்லோட் பட்டனை அழுத்தினால் போனுக்குள் இரண்டு பொருள் வந்து சேர்கின்றன. ஒன்று படம். அது பெரும்பாலும் 128 பிட் ஏஇஎஸ் முறையில் மறையாக்கம் செய்யப்பட்டது. சாவி இல்லாமல் திறந்தால் வெறும் குப்பை. இன்னொன்று சில கேபி அளவே உள்ள லைசென்ஸ். அந்தப் படத்தைத் திறக்கும் சாவி அதற்குள்தான் இருக்கிறது. கூடவே எத்தனை நாள், எந்தத் தரத்தில், எந்தத் திரையில் காட்டலாம் என்ற நிபந்தனைகளும் இருக்கின்றன. இந்த லைசென்ஸும் வெறுமனே வருவதில்லை. உங்கள் கருவியில் உள்ள டிஆர்எம் (நகலெடுப்பதைத் தடுக்கும் டிஜிட்டல் பூட்டு) பகுதி மட்டுமே பிரிக்க முடிகிற மாதிரி அதற்கும் ஒரு மறையாக்கம் உண்டு. ஆண்ட்ராய்டில் அந்தப் பகுதி கூகுளின் வைட்வைன். ஐபோனில் ஆப்பிளின் ஃபேர்பிளே. விண்டோஸில் மைக்ரோசாஃப்டின் பிளேரெடி. பெயர்தான் மூன்று.

கும்மிடிப்பூண்டி லைனில் தினமும் போய்வருகிறவர்களுக்கு நான் சீசன் டிக்கெட்டை வைத்துச் சொல்வேன். சீசனில் ஆள் பெயர் இருக்கும். எந்த ஸ்டேஷன் முதல் எந்த ஸ்டேஷன் வரை, எந்த வகுப்பு, எந்தத் தேதி வரை என்பதும் இருக்கும். கொருக்குப்பேட்டையில் வண்டி கண்ணெதிரே நிற்கிறது என்பதற்காக அடுத்தவர் சீசனில் ஏற முடியாது. லைசென்ஸும் அப்படித்தான். அதனால் எந்தப் புகார் வந்தாலும் முதலில் நான்கு கேள்வி கேட்போம். யார் கணக்கில் இறக்கியது? எந்தக் கருவியில் இறக்கியது? எந்தத் தேதி வரை செல்லும்? எந்தத் திரையில் பார்க்க முயல்கிறீர்கள்? கீழே உள்ள எல்லாமே இந்த நான்கில் ஏதோ ஒன்றில் போய் நிற்கும்.

"கரையில ஓடிச்சு, கடலுக்குப் போனா ஓடல"

காசிமேட்டு விசைப்படகுக்காரர்கள் கொண்டுவரும் புகார் இது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலத்தில் இந்தப் புகார் வரவே வராது. ஆள் வீட்டில் இருப்பார், போனில் நெட் இருக்கும், லைசென்ஸ் தானாகப் புதுப்பித்துக்கொண்டே இருக்கும். தடை முடிந்து படகு கிளம்பியதும் ஆரம்பிக்கும். ஆழ்கடலுக்குப் போனால் பல நாள் தங்கல்; கரை மறைந்த கொஞ்ச தூரத்திலேயே சிக்னல் போய்விடும். போனில் பத்துப் படம் இருக்கும். மூன்றாவது ராத்திரி ஒன்றும் ஓடாது.

காரணம், டவுன்லோடுக்கு ஒரு கெடு இல்லை, இரண்டு கெடு. முதல் கெடு இறக்கிய நாளிலிருந்து எண்ணப்படுவது. வாடகைப் படங்களுக்கு இது வழக்கமாக 30 நாள். இரண்டாவது கெடு, பிளே பட்டனை முதல் தடவை அழுத்திய நொடியிலிருந்து எண்ணப்படுவது. இது பல படங்களுக்கு 48 மணி நேரம்தான். நெட்ஃபிளிக்ஸிலும் பிரைம் வீடியோவிலும் சந்தாவில் கிடைக்கும் சில படங்களுக்கும் இந்த 48 மணி நேரக் கணக்கு உண்டு.

விவரம் தெரிந்த ஆட்கள்தான் இதில் அதிகம் மாட்டுகிறார்கள். கிளம்புவதற்கு முந்தின நாள், எல்லாம் சரியாக இறங்கியிருக்கிறதா என்று ஒவ்வொரு படத்தையும் திறந்து இரண்டு நிமிஷம் ஓட்டிப் பார்ப்பார்கள். அந்த இரண்டு நிமிஷத்திலேயே பத்துப் படத்துக்கும் 48 மணி நேரக் கடிகாரம் ஓட ஆரம்பித்துவிடும்.

"டெஸ்ட் பண்ணிப் பார்க்கிறது தப்பாப்பா?" என்று படகை ஓட்டும் ஸ்ராங்க் ஒருவர் கேட்டார்.

"தப்பில்லண்ணே. எல்லாத்தையும் தொட்டுப் பார்க்காதீங்க, ஒண்ணை மட்டும் பாருங்க" என்றேன்.

செய்ய வேண்டியது இவ்வளவுதான். கிளம்புகிற அன்று காலையில் வைஃபை உள்ள இடத்தில் ஆப்பைத் திறந்து, டவுன்லோட் பக்கத்துக்குப் போய் ஒரு நிமிஷம் அப்படியே விடுங்கள். ஆப் சர்வரோடு பேசி, புதுப்பிக்க முடிந்த லைசென்ஸ்களைப் புதுப்பித்துக்கொள்ளும். காலாவதியானதற்குப் பக்கத்தில் எச்சரிக்கைக் குறி இருந்தால் அதைத் தொட்டுப் புதுப்பியுங்கள். பிறகு ஃப்ளைட் மோடில் போட்டு, உங்களுக்கு அவ்வளவாக வேண்டாத ஒன்றை மட்டும் ஓட்டிப் பாருங்கள். அது ஓடினால் மற்றதும் ஓடும். கடலில் ஒரு படத்தை ஆரம்பித்தால் இரண்டு நாளுக்குள் முடித்துவிடுங்கள். பாதி பார்த்து நிறுத்தியது திரும்பி வரும்போது இருக்காது.

சில படங்களை வருஷத்துக்கு இத்தனை தடவைதான் இறக்கலாம் என்று நெட்ஃபிளிக்ஸில் வரம்பு வைத்திருப்பார்கள். அதைத் தயாரிப்பாளர் போட்ட ஒப்பந்தம்தான் தீர்மானிக்கிறது. அதனால் சும்மா சும்மா அழித்து இறக்கிக்கொண்டிருந்தால், கடைசியில் இறக்கவே முடியாமல் போகலாம்.

பாட்டுக்குக் கணக்கு தாராளம். ஸ்பாட்டிஃபையிலும் யூடியூப் பிரீமியத்திலும் 30 நாளுக்கு ஒரு தடவையாவது நெட்டில் தலைகாட்டினால் போதும். பத்து நாள் தங்கலுக்குப் பாட்டு தாராளமாகத் தாங்கும். ஆனால் சந்தா எந்தத் தேதியில் முடிகிறது என்று பாருங்கள். ரீசார்ஜோடு சேர்ந்து வந்த சந்தா என்றால், ரீசார்ஜ் முடிகிற அன்றே அதுவும் முடிந்துவிடலாம். இதைப் பலர் கவனிப்பதில்லை.

"எஸ்டி கார்டை வேற போன்ல போட்டேன், ஷேர் பண்ணி அனுப்பினேன், ஓடல"

ஓடாது. கார்டில் போனது படம் மட்டும்தான். லைசென்ஸ் பழைய போனின் உள் சேமிப்பிலேயே இருக்கிறது. அதையும் தோண்டி எடுத்து நகலெடுத்தாலும் பயன் இல்லை, அதைப் பிரிக்கும் ரகசியம் பழைய போனின் சிப்பில் இருக்கிறது. தம்பி போனிலும் பார்க்க வேண்டுமென்றால், அதே கணக்கில் தம்பி போனில் நுழைந்து அங்கேயே இறக்குங்கள். எத்தனை கருவி வரை அனுமதி என்பது ஆப்புக்கு ஆப், பிளானுக்குப் பிளான் மாறும். ஸ்பாட்டிஃபையில் ஐந்து கருவி, கருவிக்கு 10,000 பாட்டு.

அதே போன், அதே கார்டு, கழற்றி மாட்டியதும் ஓடவில்லை என்றால் அது வேறு விஷயம். ஆப் கார்டைத் தேடிக் கண்டுபிடிக்கவில்லை. போனை ஒரு தடவை அணைத்துப் போடுங்கள். அதற்கும் மசியாவிட்டால் ஆப்பின் அமைப்புகளில் டவுன்லோட் இடம் எஸ்டி கார்டு என்றே இருக்கிறதா என்று பாருங்கள்.

"ஓடுது, ஆனா மங்கலா இருக்கு"

போன் புதுசு, திரை பளபளப்பு, படம் மட்டும் பழைய விசிடி மாதிரி. முதலில் பிளானைக் கேளுங்கள். நெட்ஃபிளிக்ஸின் மொபைல் பிளான் 2019இல் 199 ரூபாய்க்கு வந்தது, 2021 டிசம்பரில் 149 ரூபாய் ஆனது. அதில் கிடைப்பதே 480பி தரம்தான். போனைத் திட்டிப் பயனில்லை.

பிளான் பெரியதாக இருந்தும் மங்கல் என்றால் வைட்வைன் நிலையைப் பார்க்க வேண்டும். வைட்வைனில் எல்1, எல்2, எல்3 என மூன்று நிலைகள். எல்1 என்றால் சாவியைத் திறப்பது, படத்தைப் பிரிப்பது எல்லாமே சிப்புக்குள் தனியாக ஒதுக்கிய பாதுகாப்பான பகுதியில் நடக்கிறது. எல்3 என்றால் எல்லாம் சாதாரண மென்பொருளில் நடக்கிறது. அங்கே திருடுவது சுலபம் என்பதால் பெரிய ஓடிடிகள் எல்3 கருவிக்கு எச்டி தருவதில்லை. இரண்டாம் வகுப்பு சீசனை வைத்துக்கொண்டு முதல் வகுப்பில் உட்கார முடியாத கதைதான்.

பிளே ஸ்டோரில் டிஆர்எம் இன்ஃபோ என்ற பெயரில் சின்ன ஆப் கிடைக்கும். நிறுவித் திறந்தால் பாதுகாப்பு நிலை எல்1 என்றோ எல்3 என்றோ காட்டும். சில ஓடிடி ஆப்புகளின் அமைப்புகளிலேயே இந்தத் தகவல் உண்டு.

எல்1 ஆக இருந்த போன் எல்3 ஆவது எப்படி? நாங்கள் பார்த்தவரை பெரும்பாலும் யாரோ பூட்லோடரை, அதாவது கம்பெனி மென்பொருளை மட்டும் ஏற்றவிடும் பூட்டை, திறந்திருப்பார்கள், அல்லது ரூட் செய்து (முழுக் கட்டுப்பாட்டையும் எடுத்து) வேறு ரோம், அதாவது போனின் அடிப்படை மென்பொருள், ஏற்றியிருப்பார்கள். செகண்ட் ஹேண்ட் போன் வாங்குகிறவர்களிடம் நான் சொல்வது: கேமராவையும் பேட்டரியையும் பார்ப்பது போல இதையும் கடையிலேயே நின்று பாருங்கள். வெளிநாட்டுச் சந்தைக்கென்று செய்யப்பட்டு இங்கே வந்துசேரும் சில போன்கள் முதல் நாளிலிருந்தே எல்3தான். பர்மா பஜாரில் விலை குறைவாகக் கிடைத்ததே என்று சந்தோஷப்படுகிறவர்கள் இதைக் கேட்பதே இல்லை.

கம்பெனியின் ஒரிஜினல் மென்பொருளை ஏற்றி பூட்லோடரை மறுபடி பூட்டினால் சில போன்களில் எல்1 திரும்பும், சிலவற்றில் திரும்பாது. திரும்பாததற்குக் கம்பெனியின் சர்வீஸ் சென்டர்தான் வழி. வெளியில் யாராவது காசு வாங்கிக்கொண்டு எல்1 ஏற்றித் தருகிறேன் என்றால் நம்பாதீர்கள்.

"டிவியில கனெக்ட் பண்ணா கருப்பாயிடுது"

சத்தம் வரும், படம் வராது. அல்லது ஒரு நொடி வந்து போகும். கல்யாண மண்டபம், சர்ச் ஹால், மன்றம் என்று பெரிய திரை வைக்கிற இடங்களில் கடைசி நிமிஷத்தில் போன் செய்து கேட்பார்கள்.

எச்டிஎம்ஐ வயருக்கு என்றே தனிக் காவல் ஒன்று உண்டு: எச்டிசிபி. இன்டெல் உருவாக்கியது. அனுப்புகிற கருவியும் வாங்குகிற கருவியும் ஒன்றையொன்று விசாரித்து, இரண்டும் அங்கீகாரம் பெற்றவைதான் என்று உறுதியான பிறகே படம் வயரில் போகும். 4கே என்றால் எச்டிசிபி 2.2 அளவில் கேட்பார்கள். நடுவில் ஒரே ஒரு கருவி பதில் சொல்லாவிட்டாலும் கதை முடிந்தது. அந்த ஒன்று பெரும்பாலும் ஒரு வயரைப் பல திரைக்குப் பிரிக்கும் மலிவான ஸ்ப்ளிட்டராகவோ, எச்டிஎம்ஐயைப் பழைய விஜிஏ இணைப்பாக மாற்றும் சின்ன அடாப்டராகவோ இருக்கும். விஜிஏவில் எச்டிசிபி என்ற பேச்சே இல்லை. அதனால் பழைய புரொஜெக்டரில் உங்கள் சொந்தக் கல்யாண வீடியோ பிரமாதமாக ஓடும், ஓடிடி படம் கருப்பாக நிற்கும்.

சோதிக்கும் முறை: நடுவில் உள்ள எல்லாவற்றையும் கழற்றிவிட்டு ஒரே வயரில் நேராக டிவிக்கு மாட்டுங்கள். படம் வந்தால் கழற்றியதை ஒவ்வொன்றாகத் திரும்பச் சேருங்கள். எதைச் சேர்த்ததும் கருப்பாகிறதோ அதுதான் குற்றவாளி. நேராக மாட்டியும் வரவில்லை என்றால் டிவியின் வேறு எச்டிஎம்ஐ துளையில் மாட்டிப் பாருங்கள். சில டிவிகளில் ஒன்றிரண்டு துளைகளுக்கு மட்டுமே 2.2 இருக்கும். மாட்டிய பிறகு டிவியையும் பாக்ஸையும் ஒரு தடவை சுவிட்சிலேயே அணைத்துப் போடுங்கள். அந்த விசாரணை முதலிலிருந்து நடக்கட்டும்.

வயர் இல்லாமல் போன் திரையை அப்படியே டிவியில் பிரதிபலித்தாலும் சில ஆப்புகள் கருப்பு காட்டும். அதற்குப் பதிலாக ஆப்புக்குள்ளேயே காஸ்ட் குறி இருந்தால் அதை அழுத்துங்கள். அப்போது போன் படத்தை அனுப்புவதில்லை. டிவியே நெட்டில் போய்த் தனக்கென்று ஒரு லைசென்ஸ் வாங்கிக்கொள்கிறது. எனவே டிவிக்கு நெட் வேண்டும். போனில் டவுன்லோட் செய்து வைத்தது இதற்கு உதவாது. மேலே சொன்ன மொபைல் பிளானில் டிவியே கிடையாது என்பதையும் மறக்காதீர்கள்.

"ஸ்கிரீன்ஷாட் எடுத்தா கருப்பு"

கோளாறு இல்லை. ஆப்பே அந்தத் திரையைப் பாதுகாக்கப்பட்டது என்று ஆண்ட்ராய்டிடம் சொல்லிவைத்திருக்கிறது. பேங்க் ஆப்பிலும் இதேதான் நடக்கும்.

"லேப்டாப்புல பிரவுசர்ல மட்டும் ஓடல"

பிரவுசரில் டிஆர்எம் படம் ஓட ஒரு பொது ஏற்பாடு இருக்கிறது. இணையத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு அதை 2017 செப்டம்பரில் தரமாக அங்கீகரித்தது. குரோம், ஃபயர்ஃபாக்ஸ் போன்ற பிரவுசர்கள் அதன் வழியாக உள்ளே இருக்கும் வைட்வைன் பகுதியைக் கூப்பிடும். லினக்ஸ் போட்ட லேப்டாப்பில் ஃபயர்ஃபாக்ஸ் திறப்பவர்களுக்கு இது முதலில் அணைந்தே இருக்கலாம். அமைப்புகளில் பொதுப் பக்கத்தில் டிஆர்எம் கட்டுப்பாட்டில் உள்ளதை இயக்கு என்ற கட்டத்தை டிக் செய்யுங்கள். தேவையான பகுதி தானாக இறங்கும். குரோமில் புதிய பதிப்புக்கு மாறினாலே பெரும்பாலும் சரியாகிவிடும். மறைநிலைச் சாளரத்தில் ஓடவில்லை, சாதாரணச் சாளரத்தில் ஓடுகிறது என்றால் அங்கேயே பார்த்துவிட்டுப் போங்கள். அதைத் துருவுவதில் லாபம் இல்லை.

"நேத்து வரைக்கும் ஓடிச்சு, இன்னைக்கு எந்தப் படமும் ஓடல"

ஒரு படம் மட்டும் நின்றால் கெடு. எல்லாம் ஒரே நேரத்தில் நின்றால் கடிகாரத்தைப் பாருங்கள்.

லைசென்ஸ் தேதியை நம்பித்தான் நடக்கிறது. சர்வரோடு பாதுகாப்பாகப் பேச உதவும் சான்றிதழுக்கும் தேதி உண்டு. போன் முழுசாகச் சார்ஜ் இறங்கிக் கிடந்து எழுந்தாலோ, பழைய லேப்டாப்பில் சிஆர்2032 காசு பேட்டரி தீர்ந்தாலோ, தேதி பல வருஷம் பின்னால் போய் நிற்கும். சான்றிதழ் இன்னும் பிறக்கவே இல்லையே என்று கருவி நினைத்துக்கொள்ளும். தானியங்கித் தேதி, தானியங்கி நேர மண்டலம் இரண்டையும் இயக்குங்கள், ஆப்பை மூடித் திறங்கள். லேப்டாப்பில் தினமும் தேதி பின்னால் போனால் அந்தக் காசு பேட்டரியை மாற்றுங்கள், சின்னச் செலவுதான்.

கெடு முடிந்த படத்தைப் பார்க்க வேண்டுமென்றே தேதியைப் பின்னால் தள்ளுகிற பையன்களும் உண்டு. பிளேரெடி மாதிரியான முறைகளில் கடிகாரம் பின்னால் போனதா என்று கவனிக்கவே தனி ஏற்பாடு இருக்கிறது. கெட்டிக்காரத்தனத்துக்குப் பரிசாக, நன்றாக இருந்த மற்ற படங்களும் நின்றுபோகும்.

"ரீசெட் பண்ணேன், போர்டு மாத்தினேன், எல்லாம் போச்சு"

ஃபேக்டரி ரீசெட், ஆப்பின் டேட்டாவை அழிப்பது, கணக்கிலிருந்து வெளியேறுவது ஆகியவற்றில் எதைச் செய்தாலும் ஆப் டவுன்லோடை மறந்துவிடும். நெட்ஃபிளிக்ஸில் கணக்கிலிருந்து வெளியேறினால் அந்தக் கருவியில் உள்ள டவுன்லோட் மொத்தமும் அழியும். இடம் காலி செய்கிறேன் என்று விளம்பரம் செய்யும் கிளீனர் ஆப்புகளாலும் டவுன்லோட் அழிந்துபோகலாம். என்னைக் கேட்டால் அந்த ஆப்புகளை முதலில் தூக்கிப்போடச் சொல்வேன்.

போனின் மெயின் போர்டை மாற்றினால் நிலைமை இன்னும் மோசம். வெளியே அதே உறை, அதே திரை. ஆனால் டிஆர்எம் கணக்கில் அது வேறு கருவி. 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் தண்ணீர் குடித்த போன்களுக்குப் போர்டு மாற்றியவர்கள் இதை நன்றாக அறிவார்கள். ஓடிடியில் இது பெரிய நஷ்டம் இல்லை, மறுபடி இறக்கிக்கொள்ளலாம். அடி விழுவது கோச்சிங் ஆப் வைத்திருக்கும் பிள்ளைகளுக்கு. குரூப் 4க்கும் ரயில்வே தேர்வுக்கும் படிக்கிறவர்கள் ஒரு வருஷ வகுப்புக்குப் பணம் கட்டியிருப்பார்கள். அந்த ஆப்புகள் பெரும்பாலும் ஒரு கருவி, மிஞ்சினால் இரண்டு கருவிதான் அனுமதிக்கும். போர்டு மாறிய போன் மூன்றாவது கருவியாகத் தெரியும், கதவு மூடிக்கொள்ளும்.

வியாசர்பாடியிலிருந்து ஒரு பெண் தேர்வுக்குக் கொஞ்ச நாள் இருக்கும்போது இதே நிலையில் வந்தாள். "அண்ணா, எப்படியாவது ஓட வெச்சிடுங்க." எங்கள் கையில் எதுவுமே இல்லை. அந்தக் கணக்கின் கருவிப் பட்டியல் கோச்சிங் நிலையத்தின் சர்வரில் இருக்கிறது, அவர்கள்தான் பழைய போனை நீக்க வேண்டும். மாணவர் எண், பழைய போனின் மாடல், எங்கள் சர்வீஸ் பில் மூன்றையும் இணைத்து மின்னஞ்சல் அனுப்பச் சொன்னோம். பில் இருந்தால் பேச்சு சுருக்கமாக முடிகிறது. அதனால் போர்டு மாற்றும்போது பில்லில் போர்டு மாற்றப்பட்டது என்று எழுதி வாங்குங்கள்.

இதே ஆப்புகளில் சில, போன் அமைப்புகளில் உள்ள டெவலப்பர் ஆப்ஷன் இயங்கினாலோ, யுஎஸ்பி டிபக்கிங் இயங்கினாலோ ஓட மறுக்கும். எங்களைப் போன்ற கடைக்காரர்கள் வேலைக்காக அதை இயக்கிவிட்டு அணைக்காமல் தந்துவிடுவது உண்டு. சர்வீஸிலிருந்து வந்த போனில் வகுப்பு ஓடவில்லை என்றால் முதலில் அதை அணைத்துப் பாருங்கள். வீடியோ மேல் உங்கள் போன் நம்பர் மிதந்துகொண்டே இருப்பது கோளாறு இல்லை. யாராவது இன்னொரு போனால் படம் பிடித்து டெலிகிராமில் போட்டால், யாருடைய கணக்கிலிருந்து கசிந்தது என்று பிடிக்கத்தான் அது.

"புத்தகம் வாங்கினேன், ஒரு துக்கடா ஃபைல்தான் வந்திருக்கு"

பெயரின் கடைசியில் ஏசிஎஸ்எம் என்று இருந்தால் அது புத்தகமே இல்லை. புத்தகத்தை வாங்கிக்கொள்ள உதவும் சீட்டு. அடோபி டிஜிட்டல் எடிஷன்ஸ் என்ற இலவச மென்பொருளில் திறந்தால் அது சர்வருக்குப் போய் உண்மையான புத்தகத்தையும் லைசென்ஸையும் கொண்டுவரும்.

அவசரப்பட்டுத் திறப்பதற்கு முன் ஒன்று. மென்பொருள் முதல் தடவை, அடோபி கணக்கு இருக்கிறதா, இல்லாமலே தொடரட்டுமா என்று கேட்கும். கணக்கு இல்லாமல் தொடர்ந்தால் புத்தகம் அந்த ஒரே கம்ப்யூட்டரோடு ஒட்டிக்கொள்ளும். பிரவுசிங் சென்டரில் அப்படிச் செய்தால் உங்கள் புத்தகம் பிரவுசிங் சென்டருக்குத்தான் சொந்தம். நண்பர் கணக்கில் திறந்தாலும் இதே கதி. பிறகு உங்கள் கணக்கில் திறந்தால், வேறொருவர் ஏற்கெனவே பெற்றுக்கொண்டார் என்று பிழை வரும். முதலில் உங்கள் பெயரில் இலவச அடோபி கணக்கு திறங்கள், மென்பொருளை அந்தக் கணக்கில் பதிவு செய்யுங்கள், அதற்குப் பிறகு சீட்டைத் தொடுங்கள். ஆறு கருவி வரை அதே கணக்கில் படிக்கலாம். ஏற்கெனவே மாட்டிக்கொண்டவர்கள் விற்ற கடைக்கே எழுத வேண்டும். அவர்கள் புதுச் சீட்டு தரலாம்.

கிண்டில் வைத்திருப்பவர்கள் முன்பு புத்தகத்தைக் கம்ப்யூட்டரில் இறக்கி யுஎஸ்பி வழியாக ஏற்றுவார்கள். அமேசான் அந்த வசதியை 2025 பிப்ரவரி 26 முதல் நிறுத்திவிட்டது. அந்த மெனுவைத் தேடிக்கொண்டிருக்காதீர்கள். இனி வைஃபைதான்.

"பழைய ஹார்ட் டிஸ்க்ல பாட்டு இருக்கு, லைசென்ஸ் கேக்குது"

வெளிநாட்டில் இருந்த அண்ணனோ சித்தப்பாவோ பதினைந்து, இருபது வருஷம் முன்பு காசு கொடுத்து வாங்கிய பாட்டுகள். டபிள்யூஎம்ஏ என்று முடியும், அல்லது எம்4பி என்று முடியும்.

எம்4பி என்பது ஆப்பிளின் ஃபேர்பிளே பூட்டு போட்ட பழைய பாட்டு. 2003இல் வந்தது, 2009இல் ஆப்பிள் பாட்டுகளுக்கு அந்தப் பூட்டை எடுத்துவிட்டது. ஐடியூன்ஸ் கடை இந்தியாவுக்கு வந்ததே 2012 டிசம்பரில்தான். அதனால் இங்கே வாங்கிய பாட்டில் இந்தத் தொல்லை இல்லை. வாங்கியவரின் ஆப்பிள் கணக்கும் கடவுச்சொல்லும் நினைவிருந்தால் ஐடியூன்ஸில் நுழைந்து கம்ப்யூட்டரை அங்கீகரியுங்கள். ஐந்து கம்ப்யூட்டர் வரை அனுமதி. ஐந்தும் எப்போதோ செத்த கம்ப்யூட்டர்களில் தீர்ந்துபோயிருந்தால், கணக்குப் பக்கத்தில் அனைத்தையும் நீக்கு என்ற வசதி உண்டு.

டபிள்யூஎம்ஏ நிலைமை பரிதாபம். அதன் லைசென்ஸைத் தருவது விற்ற கடையின் சர்வர். விண்டோஸை மறுபடி ஏற்றினாலோ கம்ப்யூட்டர் மாறினாலோ சர்வரிடம் மறுபடி கேட்க வேண்டும். யாஹூ மியூசிக் கடை தன் லைசென்ஸ் சர்வரை 2008 செப்டம்பர் 30இல் மூடியது. எம்எஸ்என் மியூசிக் 2008 ஆகஸ்டில் மூடுவதாகச் சொன்னது. வாடிக்கையாளர்கள் போட்ட சத்தத்தில் அதைத் தள்ளிவைத்தது. புத்தகத்திலும் இது நடந்தது. மைக்ரோசாஃப்ட் தன் மின்புத்தகக் கடையை மூடியபோது 2019 ஜூலையில் வாசகர்களின் புத்தகங்கள் மறைந்தன, பணம் திரும்பிவந்தது. விண்டோஸின் பழைய டிஆர்எம் சேவைகளையே கைவிடும் பட்டியலில் மைக்ரோசாஃப்ட் 2024இல் சேர்த்துவிட்டது.

ஆகவே அந்தப் பழைய கம்ப்யூட்டர் இன்னும் உயிரோடு இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இருந்தால் தயவுசெய்து அதில் விண்டோஸை மாற்றாதீர்கள். லைசென்ஸ் அதற்குள்தான் இருக்கிறது. பல கடைகளின் லைசென்ஸ் ஆடியோ சிடியில் எழுத அனுமதித்தது. யாஹூ மூடும்போது வாடிக்கையாளர்களிடம் சொன்ன யோசனையும் அதுதான். எழுதி வைத்துக்கொள்ளுங்கள். கம்ப்யூட்டர் போய்விட்டதென்றால் அந்த ஃபைலை வைத்துக்கொண்டு செய்ய ஒன்றுமில்லை.

ஒரு எச்சரிக்கை. யாரோ பென்டிரைவில் தந்த வீடியோவைத் திறந்ததும், லைசென்ஸ் வேண்டும், இங்கே அழுத்தி இறக்குங்கள் என்று ஜன்னல் வந்தால் அழுத்தாதீர்கள். விண்டோஸ் மீடியா பிளேயர் லைசென்ஸ் கேட்டுப் பக்கம் திறக்கும் வசதியையே வைரஸ் பரப்பப் பயன்படுத்துவது 2005 வாக்கிலேயே ஆரம்பித்த வேலை. உண்மையான லைசென்ஸ் இஎக்ஸ்இ ஃபைலாக வராது.

"செட் டாப் பாக்ஸ் மாத்தினாங்க, ரெக்கார்ட் பண்ணதெல்லாம் ஓடல"

பாக்ஸிலோ டிவியிலோ பென்டிரைவ் மாட்டிப் பதிவு செய்தவை அந்தப் பாக்ஸின் சாவியால் பூட்டப்படுகின்றன. கம்ப்யூட்டரில் மாட்டினால் ஃபார்மட் பண்ணட்டுமா என்றுகூடக் கேட்கும். பண்ணாதீர்கள், பழைய பாக்ஸ் கிடைத்தால் அதில் ஓடலாம். புதுப் பாக்ஸ் அதே கம்பெனி, அதே மாடலாக இருந்தாலும் ஓடாது. பேத்தி நடனமாடி டிவியில் வந்ததைப் பதிவு செய்து வைத்திருந்த ஒரு பாட்டியம்மாவுக்கு இதைச் சொல்லவே சங்கடமாக இருந்தது. நிகழ்ச்சியைச் சேனல்காரர்கள் யூடியூபில் போட்டிருந்தார்கள், தேடிக் கொடுத்தோம். பாக்ஸ் மாற்ற ஆள் வருவதற்கு முன்பே பதிவுகளைப் பார்த்துவிடுங்கள்.

"லைசென்ஸை எடுத்துட்டு வெறும் ஃபைலா குடுங்க, காசு தரேன்"

எங்கள் கடையில் செய்வதில்லை. பதிப்புரிமைச் சட்டத்தில் 2012 திருத்தத்தில் வந்த 65ஏ பிரிவு இதைத்தான் பேசுகிறது. பதிப்புரிமையை மீறும் நோக்கத்தோடு இந்தப் பாதுகாப்பை உடைத்தால் இரண்டு வருஷம் வரை சிறையும் அபராதமும் உண்டு. அந்தச் சட்டம் தடுக்காத காரியத்துக்காக உடைப்பதற்கு அதே பிரிவில் விலக்கு இருக்கிறது. ஆனால் அப்படி இன்னொருவருக்கு உடைக்க உதவுகிறவர், வந்தவரின் பெயர், முகவரி, அடையாள விவரம், எதற்காக என்பது எல்லாவற்றையும் முழுசாக எழுதிவைக்க வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. "சரிண்ணே, ஆதார் குடுங்க, எதுக்குன்னு எழுதிக் கையெழுத்துப் போடுங்க" என்று நோட்டை எடுத்து வைத்தால், அடுத்த நிமிஷம் அவருக்கு வேறு வேலை வந்துவிடும்.